பேஸ்மென்ற் சிங்குக்குப் பம்ப் வாங்கமுதல் அளவுநாடாவை எடுங்கள்

ஸ்காபரோவில் நாங்கள் வாங்கியது ஒரு பழைய பங்களோ. பேஸ்மென்றில் கழிவுக் குழாய் ஒரு மூலையில். அம்மா மீன் கழுவவும் பெரிய சட்டிகள் தேய்க்கவும் சிங்க் கேட்டது அதற்கு நேர் எதிர் மூலையில், கீழ்க் குசினி அடுப்புக்குப் பக்கத்தில். "ஒரு சிங்க்தானே" என்று தொடங்கினேன். முடிய மூன்று மாதம் ஆனது. இரண்டு பம்ப் வாங்கினேன், ஒரு கார்ப்பெற் நனைந்து குப்பைக்குப் போனது. முதல் பம்பைக் குதிரைவலுவைப் பார்த்து வாங்கிப் பிழைவிட்டேன். இரண்டாவதைச் சரியாக வாங்கியும் காற்றுக்குழாயில் கோட்டை விட்டேன். நீங்கள் இரண்டையும் தவிர்க்கலாம். கீழே உள்ளவை ஒன்ராறியோ வீடுகளை மனதில் வைத்து எழுதியவை.

1. பம்ப் உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள்

பம்பே இல்லாத வடிகால்தான் நல்ல வடிகால். தண்ணீர் தானாகப் பள்ளத்துக்கு ஓடினால் மின்சாரம் போனாலும் ஓடும், பழுதாக எதுவும் இல்லை. ரொறன்ரோப் பக்கத்து வீடுகள் பலவற்றில் பிரதான கழிவுக் குழாய் பேஸ்மென்ற் நிலத்துக்குக் கீழேதான் போகிறது. நிலத்தில் சிறு சல்லடை மூடியோடு ஒரு வடிகால் துவாரம் தெரிந்தால் உங்கள் வீடும் அநேகமாக அப்படித்தான். புது சிங்க் அந்தக் குழாய்க்குக் கிட்ட இருந்தால் பிளம்பரிடம் நேரடி இணைப்புக்கு விலை கேளுங்கள். பம்பை மறந்துவிடுங்கள்.

பம்ப் தேவைப்படுவது இரண்டு நிலைமைகளில். ஒன்று, பிரதான குழாய் நிலத்துக்கு மேலே, சுவரில் இடுப்பளவு உயரத்தில் வெளியே போகும் வீடு. நகருக்கு வெளியே செப்ரிக் தொட்டி வைத்த வீடுகளில் இதைக் காணலாம். மற்றது என்னுடையது போல: குழாய் கீழேதான், ஆனால் சிங்க் தூரத்தில். சிறு வடிகால் குழாய்க்கு 50 அடிக்கு 1 அடி சாய்வு வேண்டும், அதாவது ஓர் அடிக்குக் கால் அங்குலம். என் வீட்டில் 24 அடி தூரம், ஆகவே 6 அங்குலச் சரிவு. அதற்குக் கொங்கிரீற்றை நீளத்துக்கு உடைக்கவேண்டும். எனக்குச் சொன்ன விலை 4,800 டொலர், வரி வேறு. அந்த விலையைக் கேட்ட பிறகுதான் பம்ப் பற்றி யோசித்தேன்.

ஒரு குறுக்குவழி எல்லோருக்கும் தோன்றும்: பேஸ்மென்றில் ஏற்கனவே சம்ப் குழி இருக்கிறதே, சிங்க் தண்ணீரை அதற்குள் விட்டால் என்ன? விடாதீர்கள். அந்தக் குழி அத்திவாரத்தைச் சுற்றி ஊறும் நிலத்தடி நீருக்கானது. அது வீட்டு வளவுக்கோ மழைநீர்க் கால்வாய்க்கோ போகிறது. சவர்க்காரத் தண்ணீரையும் மீன் கழுவிய தண்ணீரையும் அங்கே விடுவது நகரத்தின் வடிகால் சட்டத்துக்கு மாறானது. மணம் வேறு. அதேபோல, சம்ப் பம்புக்கு ரொறன்ரோ நகரம் கொடுக்கும் வெள்ளத் தடுப்பு மானியத்தை நம்பி சிங்க் பம்ப் வாங்காதீர்கள், அது வேறு வேலைக்கான காசு.

2. உயரத்தையும் தண்ணீர் வரத்தையும் அளந்து எழுதுங்கள்

கடைக்குப் போகமுதல் கையில் இரண்டு எண்கள் இருக்கவேண்டும்.

முதலாவது, பம்ப் தண்ணீரை ஏற்றவேண்டிய உயரம். பம்ப் இருக்கும் மட்டத்திலிருந்து குழாய் எட்டும் ஆக உயர்ந்த இடம்வரை நேர்குத்தாக அளக்கவும். எனக்கு 7 அடி. ஆனால் அது மட்டும் போதாது, குழாய்க்குள் உரசலாலும் பலம் போகிறது. ஒன்றரை அங்குலக் குழாயில் ஒரு 90 பாகை எல்போ (வளைவு இணைப்பு) ஏறத்தாழ 4 அடி நேர்க் குழாய்க்குச் சமம். ஏற்றிய தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி போடுங்கள். என் கணக்கு இப்படி வந்தது: குழாய் 31 அடி, மூன்று எல்போக்களுக்கு 12 அடி, வால்வுக்கு 12 அடி, கூட்டினால் 55 அடி. நிமிடத்துக்கு 20 கலன் ஓடும்போது ஒன்றரை அங்குலக் குழாயில் நூறு அடிக்கு ஏறத்தாழ இரண்டரை அடி உயரம் உரசலில் போகும். ஆக எனக்கு ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு. ஏழும் ஒன்றரையும் எட்டரை. நான் தேடவேண்டியது "10 அடி உயரத்தில் 20 கலனுக்கு மேல் தள்ளும் பம்ப்".

அந்த 20 எங்கிருந்து வந்தது? அதுதான் இரண்டாவது எண். சிங்கில் கை கழுவுவதும் சட்டி தேய்ப்பதும் பம்புக்குப் பெரிய வேலை இல்லை. வோஷிங் மெஷின் வேறு கதை. மேலால் உடுப்புப் போடும் பழைய மெஷின்கள் நிமிடத்துக்கு 15 முதல் 20 கலன்வரை ஒரேயடியாகத் தள்ளிவிடும். உங்கள் மெஷினின் குழாயும் அந்தச் சிங்குக்குள் விழப்போகிறது என்றால் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். (கலன் என்று நான் சொல்வது பம்ப் பெட்டிகளில் இருக்கும் அமெரிக்கக் கலன், 3.785 லீற்றர். ஊரில் நாங்கள் பழகிய கலன் இதைவிடப் பெரியது.) ஆழமான லோன்றி டப் ஒன்று கொஞ்ச நேரம் தண்ணீரைத் தாங்கி உதவும். ஆழமில்லாத குசினி சிங்க் தாங்காது, வழிந்து நிலத்துக்கு வரும். எங்கள் கார்ப்பெற் போனது அப்படித்தான்.

3. வகையைத் தெரிவு செய்யுங்கள்

கடையில் மூன்று வகை காண்பீர்கள்.

சிங்கின் அடிக்குழாயில் நேரே மாட்டும் சிறு பம்ப் ஒன்று இருக்கிறது. மலிவு, இடம் பிடிக்காது. சிலது சுவிச் போட்டால் ஓடும், சிலது தண்ணீரின் அழுத்தத்தை உணர்ந்து தானாக ஓடும். நான் முதலில் வாங்கியது இதுதான். உடுப்பிலிருந்து வரும் பஞ்சும் நூலும் இதற்கு எமன். ஏழாம் நாள் அடைத்துக்கொண்டது. எப்போதாவது கை கழுவும் சிங்குக்கு மட்டும் போதும்.

இரண்டாவது, கைக்கு அடக்கமான மெல்லிய பிளாஸ்ரிக் பெட்டிப் பம்ப். அலுமாரிக்குள் மறைக்கலாம், வடிவாக இருக்கும், விலை கூட. பார் சிங்க், கை கழுவும் தொட்டி போன்றவற்றுக்கு நல்லது. வோஷிங் மெஷினைச் சேர்ப்பதானால் அந்த மாதிரி அதற்கு ஏற்றதா என்று கையேட்டில் எழுத்தில் இருக்கவேண்டும். விற்பவர் வாயால் சொன்னால் போதாது.

மூன்றாவது, சிங்கின் கீழே நிலத்தில் வைக்கும் ஒரு மூடிய தொட்டி. உள்ளே மிதவை சுவிச்சோடு ஒரு சாதாரண நீர்மூழ்கிப் பம்ப். பார்க்க அழகில்லை, ஒரு பெரிய வாளியைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும். ஆனால் மூடியைக் கழற்றிப் பஞ்சை எடுக்கலாம், பம்ப் செத்தால் பம்பை மட்டும் மாற்றலாம். மெஷினும் கீழ்க் குசினியும் சேர்ந்த வீட்டுக்கு என் தெரிவு இதுதான், இரண்டாவது யோசனை இல்லை.

பின்னொரு காலத்தில் அந்த மூலையில் கழிவறை வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். மேற்சொன்ன எதுவும் மலம் தள்ளாது. அதற்கு வேறு பம்ப், பெரிய குழாய், வேறு கணக்கு. சிங்குக்கு வாங்கிய பம்பில் பிறகு ரொயிலற்றைச் சேர்க்க நினைத்த ஒருவரின் பேஸ்மென்றுக்குள் நான் போயிருக்கிறேன். விவரிக்கப்போவதில்லை.

4. பெட்டியின் பக்கவாட்டை வாசியுங்கள், முன்பக்கத்தை அல்ல

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் குதிரைவலுவும் மணிக்கு இத்தனை ஆயிரம் கலன் என்றும் இருக்கும். அந்த ஆயிரங்கள் பெரும்பாலும் உயரமே இல்லாமல் தள்ளும்போது வருபவை. உங்களுக்கு வேண்டியது எத்தனை அடியில் எத்தனை கலன் என்ற அட்டவணை. பரவலாக விற்கும் ஸோலர் எம்53 என்ற 0.3 குதிரைவலுப் பம்பை உதாரணமாகப் பாருங்கள்: 5 அடியில் நிமிடத்துக்கு 43 கலன், 10 அடியில் 34, 15 அடியில் 19, பத்தொன்பதே கால் அடியில் ஒரு சொட்டும் இல்லை. ஒரே பம்ப்தான். 5 அடியில் மணிக்கு 2,580 கலன் தள்ளுவது 15 அடியில் 1,140 ஆகிவிடுகிறது. எனக்குத் தேவை 10 அடியில் 20. இந்த அளவுள்ள பம்ப் தாராளம். அரைக் குதிரைவலுவுக்குக் கூடக் காசு கொடுத்திருந்தால் தொட்டி ஒரு நொடியில் காலியாகி, பம்ப் அடிக்கடி நின்று நின்று ஓடித் தேய்ந்திருக்கும்.

அட்டவணை பெட்டியில் இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் தளத்தில் இருக்கும். எங்கேயும் இல்லாத பம்பை வாங்காதீர்கள்.

இன்னும் மூன்று விஷயங்கள் அதே பக்கத்தில் தேடவும். வெப்ப எல்லை: பல பம்புகளுக்கு 140 பாரன்ஹீற், அதாவது 60 பாகை செல்சியஸ்தான் மேலெல்லை. சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றும் பழக்கம் உள்ள வீடு எங்களுடையது. பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு ஊற்றச் சொல்லி அம்மாவைப் பழக்குவது பம்ப் பூட்டுவதைவிடக் கடினமாக இருந்தது. வெளிவாய் அளவு: ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். கடைசியாக, முத்திரை: கனடாவுக்கான சி.எஸ்.ஏ. அல்லது சி.யு.எல். போன்ற அங்கீகார முத்திரை பம்பின் உடம்பிலேயே இருக்கவேண்டும். இணையத்தில் மலிவாக வரும் சில பம்புகளில் அது இல்லை. பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

5. காற்றுக்குழாயை முதலே திட்டமிடுங்கள்

இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள்.

ஒடுங்கிய வாய்ப் போத்தலைத் தண்ணீருக்குள் அமுக்கியிருக்கிறீர்களா? குளுக் குளுக் என்று காற்று வெளியே வர வரத்தான் தண்ணீர் உள்ளே போகும். சிங்கின் கீழுள்ள மூடிய தொட்டியும் அப்படித்தான். தண்ணீர் உள்ளே விழும்போது காற்று வெளியேறவேண்டும். பம்ப் இழுக்கும்போது காற்று உள்ளே வரவேண்டும். இரண்டு பக்கமும் போய்வர ஒரு வழி இல்லாவிட்டால் சிங்க் வடியாது. அல்லது பம்ப் இழுக்கும் இழுவையில், மணத்தை மறிக்கச் சிங்கின் கீழே இருக்கும் யூ வளைவுக்குள் நிற்கும் தண்ணீரும் சேர்ந்து போய், கழிவு மணம் குசினிக்கு ஏறும்.

எனக்கு முதலில் பூட்டித்தந்தவர் தொட்டியின் காற்றுவாயில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் வால்வை மாட்டிவிட்டுப் போனார். சிங்கின் கீழே சிலர் பூட்டும், காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு அது. வெளியே விடாது. நான் நாலு நாள் பம்பைத் திட்டினேன். பம்பில் ஒரு பிழையும் இல்லை. மூடிய தொட்டிக்கு அந்த வால்வு உதவாது. குழாய் மூலம் வீட்டின் காற்றுக்குழாய்த் தொகுதிக்கு, அதாவது கூரைக்கு மேலே போய்த் திறக்கும் குழாய்க்கு, இணைக்கவே வேண்டும்.

எங்கே இணைப்பது என்பதிலும் பொறி உண்டு. பேஸ்மென்றில் நிற்கும் பெரிய கறுப்புக் குழாய் மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீரையும் சுமந்து வரும். அதில் கீழேயே சொருகினால் அது காற்றுக்குழாய் ஆகாது, அழுக்குத் தண்ணீர் வழி ஆகிவிடும். மேல் வீட்டுச் சிங்க், குளியல் தொட்டி போன்றவற்றின் விளிம்புக்கும் மேலே, வெறும் காற்று மட்டும் போகும் பகுதியில் சேர்க்கவேண்டும். அதற்காகச் சுவரொன்றைத் திறக்கவேண்டியிருக்கலாம். எனக்கு மேல் குளியலறைச் சுவருக்குள் ஒரு பாதை கிடைத்தது. உங்களுக்குக் கிடைக்காவிட்டால் செலவு கூடும். ஆகவே பம்ப் வாங்கமுதலே பிளம்பரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி "காற்றுக்குழாயை எங்கே கொண்டுபோவீர்கள்?" பதில் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

6. பெர்மிற், மின்சாரம், தாள்கள்

இருந்த சிங்கை அதே இடத்தில் மாற்றுவதற்குப் பெர்மிற் தேவையில்லை. இல்லாத இடத்தில் புது வடிகால் போடுவதற்குத் தேவை. ரொறன்ரோ நகருக்குள் என்றால் 311க்கு அடித்துக் கேட்கலாம். மார்க்கம், பிரம்ரன், ஏஜக்ஸ் என்றால் அந்தந்த நகரசபையின் கட்டடப் பிரிவு. சொந்த வீட்டில் நீங்களே வேலை செய்தாலும் பெர்மிற் எடுக்கவேண்டும். கொண்டுபோகவேண்டியவை: சிங்க், பம்ப், குழாய், காற்றுக்குழாய் எல்லாம் தெரிகிற ஒரு வரைபடம், பம்பின் மாதிரி எண்ணும் அட்டவணைத் தாளும். கையால் வரைந்தாலும் அளவுகள் சரியாக இருக்கட்டும். விண்ணப்பம் திரும்பி வந்தால் இரண்டு வாரம் போய்விடும். எனக்கு ஒரு தரம் திரும்பியது, காற்றுக்குழாயை வரையாததால்.

பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? இரண்டாவது குடியிருப்பு அலகாகப் பதிவில்லாத இடத்தில் புதுக் குசினி சிங்குக்கு விண்ணப்பித்தால், கேள்வி சிங்கோடு நிற்காது. முதலில் அதைச் சரிப்படுத்துங்கள்.

மின்சாரத்துக்குப் பம்புக்கென்றே ஒரு தனி இணைப்பு வைப்பது நல்லது. தண்ணீருக்குப் பக்கம் என்பதால் மின் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பும் இருக்கவேண்டும். நீட்டிப்பு வயரில் ஓட்டவேண்டாம். ஒன்ராறியோவில் காசு கொடுத்து மின்வேலை செய்விப்பதானால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைத்தான் பிடிக்கவேண்டும். நீங்களே செய்தாலும் மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு, எல்லோரும் ஈ.எஸ்.ஏ. என்று சொல்வதற்கு, அறிவிக்கவேண்டும். "பெயின்ற் அடிக்கிற தம்பி வயரும் இழுப்பார்" என்பது எங்கள் ஆட்களிடையே பெரிய பொறி.

பம்ப் ரசீது, தொடர் எண்ணின் படம், பெர்மிற் முடிவுத் தாள், ஈ.எஸ்.ஏ. சான்றிதழ் நான்கையும் ஒரே உறையில் வையுங்கள். வீடு விற்கும்போதும் காப்புறுதிக்காரர் கேட்கும்போதும் உதவும். கழிவுநீர் பின்னோக்கி வருவதற்கான காப்புறுதி பல பொலிசிகளில் தனியாகச் சேர்க்கவேண்டிய ஒன்று. உங்களிடம் இருக்கிறதா என்று இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள்.

7. செலவும் நாட்களும்

நான் கொடுத்தவை, எல்லாம் கனடிய டொலரில், 13 வீத வரிக்கு முன்: தொட்டியோடு பம்ப் 460. குழாய், வால்வு, பசை 130. பிளம்பர் 950, அதில் காற்றுக்குழாய்தான் பாதி. மின் ஒப்பந்தக்காரர் 340. பெர்மிற் கட்டணம் தனி, நகரத்துக்கு நகரம் வேறு. இதைவிட, அடைத்துக்கொண்ட முதல் பம்புக்கு 210. தண்ணீர் பட்ட பம்பைக் கடை திருப்பி எடுக்கவில்லை. பூட்டமுதல் பெட்டியைத் திறந்து அளவு பாருங்கள், ஆனால் தண்ணீரில் வைத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

பெர்மிற்றுக்குச் சில வாரம் ஒதுக்குங்கள். பூட்டும் வேலை ஒரு முழு நாள். பரிசோதகர் பார்க்கும்வரை சுவரை மூடவேண்டாம். மூடியதை உடைக்கச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு, சொல்லவும் செய்வார்கள்.

8. பூட்டும் நாளில் நீங்கள் கவனிக்கவேண்டியவை

சிங்குக்கும் தொட்டிக்கும் நடுவே யூ வளைவு. தொட்டியிலிருந்து மேலேறும் குழாயில் முதலில் செக் வால்வு, அம்பு மேல்நோக்கி. அதற்கு மேலே கையால் திருகி மூடும் வால்வு. செக் வால்வைத் திருத்தும்போது மேலே நிற்கும் தண்ணீர் உங்கள் தலையில் கொட்டாமல் இருக்க அது வேண்டும். குழாய் மேல்தளத்தைத் தாங்கும் மரச் சட்டங்கள்வரை ஏறி, அங்கிருந்து பிரதான குழாயை நோக்கிச் சாய்வாகப் போகட்டும். பிரதான குழாயில் மேற்பக்கமாக, வை (Y) வடிவ இணைப்பில் சேரவேண்டும். சட்டங்களைத் துளைப்பதானால் துளை சட்டத்தின் ஆழத்தில் கால்வாசிக்கு மேற்படக்கூடாது, விளிம்பிலிருந்து 50 மில்லிமீற்றர் தள்ளி இருக்கவேண்டும். அடிவிளிம்பில் வெட்டுவது கூடவே கூடாது.

கறுப்பு ஏ.பி.எஸ். குழாயையும் வெள்ளைப் பி.வி.சி.யையும் ஒரே பசையால் ஒட்டவிடாதீர்கள். அதற்கென்று இறப்பர் இணைப்பி இருக்கிறது. தண்ணீரை வெளியே வளவுக்கு விடும் யோசனையும் வேண்டாம். சட்டம் ஒருபுறம், ஜனவரியில் குழாய் உறைந்துவிடும்.

சோதனை இப்படி: டப்பை முக்கால்வாசி நிரப்பி அடைப்பை எடுங்கள். மிதவை ஏறிப் பம்ப் தானாகத் தொடங்கவேண்டும், தண்ணீர் இறங்கியதும் தானாக நிற்கவேண்டும். நின்றதும் "டப்" என்று ஒரு சத்தம் கேட்கும், அது செக் வால்வு. அதன்பின் தண்ணீர் தொட்டிக்குள் திரும்பி ஓடும் சத்தம் தொடர்ந்து கேட்டால் வால்வு மூடவில்லை. மெஷினை முழுத் தண்ணீரில் ஒரு தரம் ஓட்டி, முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். ரீ குடிக்கப் போகாதீர்கள்.

9. பூட்டிய பிறகு

மெஷினின் குழாய் நுனியில் ஒரு பஞ்சு வலையைக் கட்டுங்கள், சில டொலர்தான். நிறைந்ததும் மாற்றவும். சிங்கில் நல்ல சல்லடை போடுங்கள்: தேங்காய்ப்பூ, கறிவேப்பிலை, மீன் செதில் மூன்றும் எங்கள் வீட்டுப் பம்பின் எதிரிகள். எண்ணெயைக் கடதாசியால் துடைத்துக் குப்பையில் போடவும். பெயின்ற் தூரிகை, சுவர்ப் பூச்சுக் கரைசல் எதையும் அதில் கழுவக்கூடாது. தொட்டிக்குள் கல்லாகிவிடும்.

கரண்ட் இல்லாதபோது அந்தச் சிங்கைப் பாவிக்காதீர்கள். வீட்டில் பின்னோட்டத் தடை வால்வு பூட்டியிருந்தால் பெருமழையின்போதும் பாவிக்காதீர்கள். தெருக் கால்வாய் நிரம்பி அந்த வால்வு மூடிக்கொண்டால், நீங்கள் பம்ப் பண்ணும் தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை, உங்கள் பேஸ்மென்ற் நிலத் துவாரத்தாலேயே மேலே வரும். 2024 யூலை 16 மழையன்று நான் மெஷினின் பிளக்கைக் கழற்றி வைத்தேன், அம்மா அன்றைக்கு வாங்கி வந்த மீனை மேல் குசினியில் கழுவினார்.

ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொட்டியின் மூடியைத் திறந்து பஞ்சை எடுங்கள், மிதவை எதிலும் சிக்காமல் ஏறி இறங்குகிறதா பாருங்கள். கையுறை கட்டாயம். மூடியின் இறப்பர் வளையத்தைத் திரும்பச் சரியாக வையுங்கள், பிசகினால் மணம் வரும்.